வெயில் தெரியாத நாட்டுக்குக் கராம்பு

வானிலை கெடக் கெட எனக்கு வேலை கூடுகிறது. சவப்பெட்டிக் கடைக்காரருக்கு உள்ள அதே சங்கடம்தான். ஆனால் அவரை ஊரில் மதிக்கிறார்கள். நான் மொழிபெயர்ப்பாளன். காலநிலை மாற்றத்தைப் பற்றி வெளிநாட்டு நிறுவனங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிற அறிக்கைகளையும் கையேடுகளையும் தமிழாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. எல்லா அறிக்கையிலும் ஒரு கருத்துத் தவறாமல் வரும்: இந்தக் கேட்டுக்கு மிகக் குறைவாகக் காரணமான நாடுகள்தான் அதனால் மிக அதிகமாக அடிபடுகின்றன. முதல் முறை அதை மொழிபெயர்த்த அன்று பேனாவை வைத்துவிட்டு எழுந்து முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். இப்போது பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுகிறேன். எனக்குச் சொல் கணக்கில் கூலி என்பதால், ஒட்டுகிற சொல்லுக்கும் கூலி உண்டு.

எங்கள் வீடு கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிய ஒரு சரிவில் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஹாஜியார் வீடு. அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வாசனைத் திரவிய வியாபாரி. அவருடைய மகளுக்கு ஒரு காலத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததால் நான் அந்த வீட்டில் மாஸ்டர். மகள் கல்யாணமாகிப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. மாஸ்டர் பட்டம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

அவருடைய வியாபாரம் இப்படி: கராம்பு மரம் மொட்டு வைக்கும் காலத்தில் மலைச்சரிவு வீடுகளுக்குப் போவார். வளவில் நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். கழுத்து வலிக்கும் வரை பார்த்துவிட்டு ஒரு விலை சொல்வார். வீட்டுக்காரர் தலையாட்டினால் அன்றிலிருந்து மரம் அவர்களுடையது, மொட்டு இவருடையது, மழை அல்லாஹ்வுடையது. எழுத்து எதுவும் இல்லை. இந்த மூன்று பங்காளிகளும் முன்பெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். தைப் பிறப்பை ஒட்டி மழை விலகும், மூடுபனி காலையிலேயே கலையும், மொட்டுப் பறிக்க ஏணி சாத்துவார்கள். பச்சை மொட்டைப் படங்கில் பரப்பினால் நாலைந்து நல்ல வெயிலில் அடர் பழுப்பாகி, விரலால் வளைத்தால் பட்டென்று ஒடியும். அதுதான் கராம்பு.

அவருடைய கராம்பை வாங்குகிறவர்கள் ஐரோப்பாவின் வடக்கே, குளிர்காலத்தில் சூரியன் வந்தும் வராமலும் போகிற ஒரு நாட்டில் இருக்கிறார்கள். நத்தார் என்கிற கிறிஸ்மஸ் காலத்துப் பணியாரத்தில் போடுகிறார்களாம். கண்டிச் சந்தையில் விற்றால் நம்முடைய கராம்பு ஊரார் எல்லாருடைய கராம்போடும் ஒரே சாக்கில் விழுந்துவிடும். இவர்களோ தலை உடையாத, காம்பு நீக்கிய, ஒரே நிறக் கராம்பைத் தனியாகக் கேட்டு, அதற்கென்று ஒரு விலை கொடுத்தார்கள். ஹாஜியாரின் பின்வளவு ஸ்டோரில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து காம்பு நீக்கி வீட்டைப் பார்த்தார்கள். அந்த ஓர்டர் நின்றால் யார் யார் வீட்டில் என்ன நிற்கும் என்று எங்கள் ஒழுங்கை, அந்தச் சிறு சந்து, முழுவதற்கும் தெரியும்.

ஓர்டர்காரர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு. கூலியாகச் சாதிக்காய் ஊறுகாயும் நோன்புக் கஞ்சியும் வரும். நோன்பு பிடிக்காமல் கஞ்சி குடிக்கிற யாழ்ப்பாணத்தான் என்று என் மனைவி சொல்வாள்.

போன வருடம் மூன்றாவது பங்காளி வாக்குத் தவறினான். ஏணி சாத்துகிற நாளில் மழை தொடங்கியது. விட்டது போல இருக்கும், படங்கை விரிப்பார்கள், மறுபடி வரும். ஈரக் கராம்பு காத்திருக்காது. வெளுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஹாஜியார் செய்யக்கூடியதைச் செய்தார். கொட்டில் ஒன்றைப் போட்டு, கீழே விறகு மூட்டி, மேலே தட்டிகளில் கராம்பைப் பரப்பி உலர்த்தினார். நிறம் வந்தது, ஒடிந்தது, கப்பலும் ஏறியது. சில வாரத்தில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. புகையிலிருந்து படிகிற ஏதோ ஒரு பொருள், பெயர் மட்டுமே ஒரு வரி நீளம், கராம்பில் இருக்கிறதாம். அனுமதித்த அளவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதாம். இந்த முறை ஏற்றுக்கொள்கிறோம், அடுத்த முறை முடியாது.

மதிலடியில் நின்று வாசித்துக் காட்டினேன்.

"புகையா?" என்றார் ஹாஜியார். "கராம்புல புகை ஈக்கி எண்டு எப்புடிக் கண்டாங்க? மூக்குல வெச்சிப் பாத்தாங்களா?"

"மெசின் ஒண்டு இருக்குது ஹாஜியார். ஒரு குளத்துக்குள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் பிடிச்சிடும்."

"அவ்ளோ கெட்டித்தனமான மெசினா?" அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் எங்கள் தலைக்கு மேல் பிழிந்து காயப்போட்ட இடுப்புச் சாரம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "அப்ப அதை ஒருக்கா மேல திருப்பிப் பாக்கச் சொல்லுங்கோ மாஸ்டர். எங்கட மழைக்குள்ள யார்ட புகை ஈக்கி எண்டும் தெரிஞ்சிரும்தானே."

நான் கூலி வாங்கி மொழிபெயர்த்த அறிக்கைகள் எல்லாவற்றையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் தொழில் பொறாமை. ஆனால் மின்னஞ்சலில் அதை எழுதவில்லை. தங்கள் பெறுமதிமிக்க கருத்துக்கு நன்றி, ஆவன செய்கிறோம் என்று எழுதினேன். மொழிபெயர்ப்பாளனுக்கு மொழி இரண்டு, முதுகெலும்பு அரை.

ஆவன செய்ததும் ஹாஜியார்தான். இந்த வருடம் ஏணி சாத்துவதற்கு முன் ஒரு லொறியில் மின் உலர்த்தி வந்து இறங்கியது. ஆளுயர அலுமாரி போல, உள்ளே தட்டுத் தட்டாக, பின்னால் விசிறி. எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய வான் வண்டி அதற்குப் பிறகு ஒழுங்கையில் நிற்கவில்லை என்பதால் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த நாட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்து ஸ்டோரைப் பார்த்து, மாதிரி எடுத்துப்போய்ப் பரிசோதிப்பார் என்றும், அதில் தேறினால் ஓர்டர் தொடரும் என்றும் கடிதம் வந்திருந்தது.

காம்பு நீக்கும் பெண்களில் ஒருத்தி ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. குடியிருந்த லயத்து வரிசை அறைகளுக்குப் பின்னால் மலை வெடித்து, இனி அங்கே இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொன்னபிறகு, எங்கள் பக்கம் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் உலர்த்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"முதலாளி, இது எங்க லயத்து அறையை விடப் பெருசா இருக்குங்க. ஒரு சன்னல் வச்சிக் குடுத்தீங்கன்னா நான் குடி வந்திருவேன்."

"உள்ளுக்கு அறுபது பாகை சூடு," என்றார் ஹாஜியார்.

"பரவாயில்லீங்க. குளிராது."

பிறகு தடைகள் அமலுக்கு வந்தன. ஹாஜியார் புகைக்கு எதிராகப் போர் தொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டோர்ப் பக்கம் பீடி கிடையாது. பெண்களின் தேநீர் விறகடுப்பிலிருந்து மின்கேத்தலுக்கு மாறியது. ஒழுங்கை முனையில் ஒரு வீட்டுக்காரர் காய்ந்த சருகைக் கூட்டி நெருப்பு வைத்தபோது ஹாஜியார் வாளித் தண்ணீரோடு ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். சாமான் கொண்டுவரும் ஓட்டோக்காரன் படலையடியில் எஞ்சினை நிறுத்தி உள்ளே தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒரு மாலை மதிலுக்கு மேலால் அவருடைய தலை தெரிந்தது.

"மாஸ்டர், குறை நினைக்காதீங்கோ. உங்கட ஊட்டுல நுளம்புத் திரி கொளுத்தி ஈக்கிற மாதிரி தெரியுது."

"ஓம் ஹாஜியார். நுளம்பு."

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

அணைத்தேன். அந்த வாரம் முழுவதும் ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்புக்காக நுளம்புக்கு இரத்தம் கொடுத்தேன். என் மனைவி காலைச் சொறிந்துகொண்டே, "உங்கட மொழிபெயர்ப்புகளால இந்த உலகத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு இனிச் சொல்ல மாட்டன்" என்றாள்.

அந்த மனிதர் வெள்ளிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்திய நாள் பகலெல்லாம் மழை. பின்னேரம் மின்சாரம் போனது. எங்கோ சரிவில் மரம் விழுந்து கம்பி அறுந்ததாகச் சொன்னார்கள். உலர்த்தியில் கடைசித் தட்டுகள் மட்டும் மிச்சம். மற்றக் கராம்பெல்லாம் முடிந்து சாக்குகளில் இருந்தது. ஆனால் மூடிக்கிடந்த ஸ்டோருக்குள் ஈரச் சுவர் மணம், பழைய துணி மணம் போல, ஏறிக்கொண்டே வந்தது. பொழுது படும் நேரம் மின்சாரம் வந்துவிட்டது. மணம் போகவில்லை.

நாளைக்கு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க நான் போயிருந்தேன். ஹாஜியார் மஃரிப் தொழுதுவிட்டு வந்து ஸ்டோர் வாசலில் மூக்கை உறிஞ்சினார்.

"இந்த நாத்தத்தோட எப்புடி மாஸ்டர் ஒரு மனுசனை உள்ளுக்குக் கூப்புடுற?"

அப்போதுதான் அவருடைய மனைவி சாம்பிராணிச் சட்டியோடு வந்தார். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் அதைக் கேட்டு வெகு நேரம் கிழவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். வியாழன் பொழுது பட்டால் தாத்தா சிரட்டைக் கரியில் சாம்பிராணி தூவி அறை அறையாக எடுத்துச் செல்வார். கடைசியாக ஸ்டோருக்கு வருவார். நாங்கள் இந்தச் சரிவுக்குக் குடிவந்த நாளிலிருந்து வியாழக்கிழமை என்பது எங்களுக்கு மதிலுக்கு மேலால் வருகிற அந்த மணம்தான். அந்த வியாழனும் அப்படித்தான். பிஸ்மி சொல்லி உள்ளே வந்து, சட்டியை ஒரு பக்கம் சரித்து ஊதினார். வெள்ளையாக, தடிப்பாக, எழும்பியது.

பெரியவர்கள் மூன்று பேர் அங்கே நின்றோம். பெருக்கிக்கொண்டிருந்த ஹேவாஹெட்டக்காரியைச் சேர்த்தால் நான்கு. பீடியைத் தடுத்தவர், சருகுக்கு ஓடியவர், என் நுளம்புத் திரியை அணைக்க வைத்தவர், அங்கேதான் நின்றார்.

"அந்த மூலைக்கும் காட்டுங்கோ," என்றார் மனைவியிடம். "அங்கதான் ஈர மணம் கூட."

தாத்தா அந்த மூலைக்கும் காட்டினார். பிறகு ஒவ்வொரு சாக்காக, வாயைக் கொஞ்சம் விலக்கி, குளித்த பிள்ளையின் தலைமயிருக்குக் காட்டுவது போல, சட்டியைச் சுற்றிப் பிடித்தார்.

"இப்பதாங்க ஸ்டோரு ஸ்டோரா இருக்கு," என்றாள் ஹேவாஹெட்டக்காரி.

நான் என்ன செய்தேன் என்றால், ஆழமாக மூச்சை இழுத்துவிட்டுப் பேசத் தொடங்கினேன். இந்தப் பிசின் எந்தத் தீவுகளின் காட்டிலிருந்து வருகிறது, அரபுக் கப்பல்கள் எப்படி அதைக் கொண்டுவந்தன, அதே கப்பல் திரும்பும்போது இந்தக் கரையிலிருந்து என்ன ஏற்றிப் போயிருக்கும் என்றெல்லாம். நிறையப் படித்தவனுக்கு மணம் பட்டால் வாய் திறந்துவிடும். வாசனைத் திரவிய வணிகத்தின் வரலாறு முழுவதையும் நான் சொல்லி முடித்தேன். அது புகை என்பதை மட்டும் சொல்லவில்லை. தோன்றவே இல்லை. எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அடுப்பிலிருந்து வருவது புகை, பீடியிலிருந்து வருவது புகை, தனியார் பஸ்ஸின் பின்னாலிருந்து வருவது புகை. இது சாம்பிராணி.

வெள்ளிக்கிழமை வந்தவர் நெட்டையான, முப்பதைத் தாண்டாத ஒரு வெள்ளைக்காரர். நல்ல மனிதர் என்பது படலையிலேயே தெரிந்துவிட்டது; யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். அவரை வெறுக்கலாம் என்று கொஞ்சம் ஆயத்தமாகப் போயிருந்த எனக்கு ஏமாற்றம்தான். உலர்த்தியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தட்டை இழுத்தார், வெப்பமானியைப் பார்த்தார், படம் பிடித்தார். பிறகு ஸ்டோரின் நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

என்ன அருமையான மணம், என்றார். தன் ஊர்ப் பழைய தேவாலயத்தில் சிறு வயதில் இப்படித்தான் மணக்குமாம்.

மொழிபெயர்த்தேன். தாத்தா பூரித்துப்போய் உள்ளே போய், சாம்பிராணிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவருடைய கையில் வைத்தார். "ஊட்டுக்குக் கொண்டு போங்கோ வாப்பா. வியாழக்கிழமையில போடுங்கோ. பரக்கத்து." அவர் இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சில் வைத்து நன்றி சொன்னார். அதன் பிறகு கையுறை போட்டுக்கொண்டு, சாக்கு சாக்காகக் கராம்பு மாதிரிகளை எடுத்து, சின்னப் பைகளில் காற்றுப் புகாமல் ஒட்டினார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹாஜியார் வந்ததும் சாப்பாடு. வட்டிலப்பம் என்கிற இனிப்பை வெள்ளைக்காரர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் வீடே வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்தது. அவருடைய ஊரிலும் இப்போது வெயில் மோசமாம். போன கோடையில் மின்விசிறி வாங்க வேண்டி வந்துவிட்டதாம். அதை மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். தலைக்கு மேலே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த விசிறியை எல்லாரும் ஒரு முறை பார்த்தோம்.

கைபேசியில் தன் ஊரைக் காட்டினார். ஆற்றங்கரையில் செங்கல்லால் கட்டிய பெரிய புகைக்கூண்டு ஒன்று, கோபுரம் மாதிரி.

"இது என்ன, பள்ளிவாசலா?" என்று கேட்டார் ஹாஜியார்.

பழைய ஆலை என்றார் அவர். நூறு வருடத்துக்கு மேல் இரவு பகலாக நிலக்கரி எரித்ததாம். இப்போது ஊரார் அதை அழகாகப் பேணி, அடியில் கோப்பிக் கடை நடத்துகிறார்களாம். மிகச் சுத்தமான ஊர். காற்றின் தரத்துக்கு விருது கூட வாங்கியிருக்கிறதாம்.

ஹாஜியார் படத்தை விரலால் பெரிதாக்கிக் கூண்டின் உச்சியைப் பார்த்தார். மரம் பேசப் போகும்போது அண்ணாந்து பார்ப்பாரே, அதே பார்வை.

"மாஸ்டர், கேளுங்கோ. நூறு வருசமா இதுக்குள்ளால போன புகையெல்லாம் இப்ப எங்க ஈக்கி எண்டு."

அந்த மனிதர் ஆவலோடு என்னைப் பார்த்தார். மேசையில் வட்டிலப்பம். பையில் மாதிரிகள். முடிவு அவருடைய கையில். நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னது இது: அங்கே கோப்பி நன்றாக இருக்குமா என்று ஹாஜியார் கேட்கிறார்.

பிரமாதமாக இருக்கும் என்றார் அவர்.

"என்னவாம்?" என்றார் ஹாஜியார்.

"அவருக்கும் தெரியாதாம்."

அது பொய் என்றும் சொல்ல முடியாது.

முடிவு வந்த காலையில் மழை இல்லை, வெயிலும் இல்லை. மின்னஞ்சலை நான் இரண்டு முறை வாசித்தேன். அதே ஒரு வரி நீளப் பெயர். இந்த முறை அளவைத் தொட்டுக்கொண்டு அல்ல, தாண்டி. அதிகமாகக்கூட இல்லை, கொஞ்சம். கீழே அந்த மனிதரே ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார். தனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, உலர்த்தியை நேரில் பார்த்தேனே, ஸ்டோருக்குள் எதையாவது எரித்தீர்களா?

பக்கத்து வீட்டுக்குப் போகிற முப்பது அடி தூரம் அன்றைக்கு எனக்குப் போதவில்லை.

"எரிச்சதா?" ஹாஜியார் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "ஒரு நெருப்புக் குச்சி கிழிக்க விட்டனா நான்? உங்கட நுளம்புத் திரியைக்கூட விடல்லயே! எழுதுங்கோ மாஸ்டர். அல்லாஹ் மேல ஆணையா ஒண்டும் எரிக்கல்ல எண்டு எழுதுங்கோ."

தாத்தா எனக்குத் தேநீரோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"நான் சாம்பிராணி போட்டனே," என்றார்.

ஹாஜியார் ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவியை அல்ல, கூரையைப் பார்த்தார்.

"அது சாம்பிராணி," என்றார். கொஞ்சம் கழித்து, இன்னும் மெதுவாக, "மூலைக்குக் காட்டச் சொன்னது நான்."

அதுதான் காரணமா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஒழுங்கை முனைச் சருகாக இருக்கலாம். உலர்த்தியின் விசிறி எண்ணெயாக இருக்கலாம். மலைச்சரிவு வீடுகளில் மொட்டைக் கொட்டி வைத்த குசினியில் யாராவது மழைக்கு அடுப்பு மூட்டியிருக்கலாம். அந்தக் கெட்டிக்கார மெசினுக்குப் புகை இருக்கிறதா என்று தெரியும், எந்தப் புகை என்று தெரியாது. இந்த விஷயத்தில் அதற்கும் வானத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்று பகல் முழுவதும் பதில் எழுதினேன். முதல் வரைவில் நிலக்கரி, நீராவி, புகைக்கூண்டு, பருவமழை எல்லாம் வந்தன. வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நன்றாக எழுதியதைக் கண்டால் எனக்கே பயம். யாருக்கும் உதவாது என்று அர்த்தம். அழித்தேன். இரண்டாவதில் சாம்பிராணி என்றால் என்ன என்று விளக்கினேன். வழிபாடு என்றால் அதற்கும் இதற்கும் என்ன என்பார்கள், கிருமிநாசினி என்றால் அதற்கு வேறு பரிசோதனை கேட்பார்கள். கடைசியில் மூன்று வரி அனுப்பினேன்: மணத்துக்காகப் பிசின் எரித்தோம், இனி எரிக்க மாட்டோம், தயவுசெய்து மீண்டும் ஒரு முறை பரிசோதியுங்கள்.

பதில் விரைவாகவே வந்தது, மிகவும் அன்பாக. சாக்குகளைத் திறந்து காற்றாட வைத்து, புதிய மாதிரி அனுப்பலாம், பார்ப்பார்கள். அதற்கிடையில் நத்தார்ப் பணியாரம் காத்திருக்காது என்பதால் இந்தப் பருவத்துக்கு வேறொரு நாட்டில் எடுக்கிறார்கள். அங்கே ஒரே கொம்பனியிடம் நூற்றுக்கணக்கான உலர்த்திகள் உண்டாம். இறுதியில், உங்களுக்குப் பயன்படும் என்று ஒரு கையேட்டை இணைத்திருந்தார்கள். மாறும் காலநிலையில் சிறு உற்பத்தியாளர்கள் தரத்தைப் பேணுவது எப்படி என்பது பற்றியது. உங்களுடைய மொழியிலேயே கிடைக்கிறது என்று மகிழ்ச்சியோடு குறிப்பிட்டிருந்தார்கள்.

திறந்தேன். முதல் பக்கத்திலேயே சந்தேகம் வந்தது, இரண்டாம் பக்கத்தில் தெளிந்தது. அந்தத் தமிழ் என்னுடையது. சில வருடங்களுக்கு முன் நான்தான் அதை மொழிபெயர்த்துக் கூலி வாங்கியிருந்தேன். வெட்டி ஒட்டிய அந்த வாக்கியம்கூட இருந்தது. உலர்த்துதல் என்ற தலைப்பின் கீழ் என்னுடைய தெளிந்த நடையில் இப்படி எழுதியிருந்தேன்: அறுவடை செய்தவற்றைத் தொடர்ச்சியான நல்ல வெயிலில் உலர்த்தவும்.

ஹாஜியாரிடம் அதைக் கொடுத்தேன். கொடுக்காமல் விட முடியவில்லை, அவர் கேட்டார். கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார்.

"நல்ல தமிழ்," என்றார்.

பிறகு காத்திருப்பு. சாக்குகளை அவிழ்த்துக் கராம்பை ஸ்டோர் முழுவதும் பரப்பி விசிறிகளைப் போட்டார். ஹேவாஹெட்டக்காரியும் மற்றவர்களும் அதைக் காலை மாலை கையால் கிளறினார்கள். காம்பு நீக்க ஒன்றுமில்லை. கிளறுவதற்கு எத்தனை பேர் வேண்டும்? ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அவள் மட்டும் கொஞ்ச நாள் வந்தாள்.

"கராம்புக்கு நாங்க காத்து வாங்கிக் குடுக்கிறோம் சேர்," என்று மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் சொன்னாள். "எங்களுக்கு யாரு வாங்கிக் குடுப்பா?"

பிறகு புசல்லாவைப் பக்கம் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டாள். அங்கே லயத்துக்குப் பின்னால் மலை இல்லையா என்று கேட்டேன். "மலை இல்லாம எங்கங்க தேயிலை?" என்றாள்.

அந்த மாதங்களில் சாம்பிராணி இல்லை. ஸ்டோரில் மட்டுமல்ல, வீட்டிலும் தாத்தா போடவில்லை. சட்டியைக் கழுவிக் குசினி மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். மழைக்காலத்து வீடு எப்படி மணக்குமோ அப்படியே அவர்கள் வீடு மணத்தது. என் மனைவி ஒரு நாள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு வியாழனே? வந்ததே தெரியேல்லை" என்றாள். நாங்களும் நுளம்புத் திரி கொளுத்தவில்லை. யாரும் கேட்கவில்லை, கொளுத்தக் கை வரவில்லை.

புதிய மாதிரி போனது. கிடைத்தது என்று பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நான் நினைவூட்டி எழுதினேன். வரிசையில் இருக்கிறது என்றார்கள். அந்த மனிதர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம். ஹாஜியார் முதலில் தினமும் கேட்டார், பிறகு கண்ணால் கேட்டார், பிறகு என்னைக் கண்டால் கிரிக்கெட் பற்றிப் பேசினார். மேட்டில் கராம்பு மரங்கள், மொட்டு வைக்க வேண்டிய காலத்தில், தொடர்ந்த மழைக்குத் தளதளவென்று இலை விட்டுக்கொண்டிருந்தன. பார்க்க மிகவும் அழகாக இருந்தன. அவர் இந்த முறை எந்த வளவுக்கும் மரம் பேசப் போகவில்லை.

ஒரு வியாழன் பின்னேரம் நான் ஒரு புதிய அறிக்கையின் நடுவில் இருந்தேன். பழைய கோப்பைத் திறந்து, வழக்கமான வாக்கியத்தை வெட்டப் போகிற நேரத்தில், சன்னலால் அது வந்தது. முதலில் நம்பவில்லை. குசினியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ. சாம்பிராணி மணக்குது."

"ஓம்," என்றேன்.

அவளுக்கும் விளங்கிவிட்டது.

மதிலடிக்குப் போனேன். ஸ்டோர்க் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒரு சாக்குக்கூட இல்லை. தாத்தா வெறும் நிலத்துக்கும் வெறும் மூலைகளுக்கும் சட்டியைக் காட்டிக்கொண்டு நடந்தார். உலர்த்தி சுவரோரம் கதவு மூடி நின்றது. அதற்கும் ஒரு முறை காட்டினார். ஹாஜியார் படியில் உட்கார்ந்திருந்தார்.

"சந்தைக்கு ஏத்தியாச்சு மாஸ்டர்," என்றார். "எல்லாரோடையும் ஒரே சாக்கு. வாங்கோ, டீ குடிப்பம்."

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் கையேட்டுச் சொற்களாகவே வந்தன. தாத்தா சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மாஸ்டர், அந்தப் புள்ளைக்கு ஒரு பொட்டலம் குடுத்தனே. போட்டுப் பாத்தாராமா? நல்லமாமா?"

"ஓம் தாத்தா," என்றேன். "நல்லமாம். வியாழனில போடுறாராம்."

அவர் சந்தோஷப்பட்டார். அப்படி ஒரு செய்தி எனக்கு வரவில்லை.